மூத்தம்மாவின் பெட்டியில் இருந்த காசுகளைப் புளி போட்டு மினுக்கலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி நீளமாகக் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். மூத்தம்மா மௌத்தாகி நாற்பது முடிந்த பிறகு அவருடைய றங்குப் பெட்டியைத் துப்பரவாக்கியபோது, அடியில் ஒரு பழைய டின்னுக்குள் நாற்பதுக்கு மேல் காசுகள் இருந்திருக்கின்றன. சில வெள்ளை, சில கறுப்பு, சில பச்சை பூத்தவை, ஒன்று சதுரம். உம்மா பழப்புளி போட்டு மினுக்கச் சொல்கிறார். சாச்சா கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு ஒவ்வொரு காசும் லட்சக்கணக்கில் போகும் என்கிறார். இதற்கிடையில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, கறுத்த காசு ஒன்றை எடுத்துப் பார்த்து, இது இரிடியம் கலந்தது, அரிசியை இழுக்கும், விற்றுத் தாறேன் என்று சொல்லியிருக்கிறார். இதோடு காசு ஏன் பச்சையாகிறது, காந்தம் ஏன் சிலதில் மட்டும் ஒட்டுகிறது, கையில் வைத்திருந்தால் ஏன் ஒரு வாடை வருகிறது, மூத்தம்மா தண்ணீர்ப் பானைக்குள் செப்புக்காசு போட்டு வைப்பது நல்லதா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதல் வேலையாக உம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அந்தப் புளியைக் கறிக்கே வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

இதை இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் வயதானவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வளவில் நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் கழித்து அப்பா ஒரு தென்னங்கட்டையை வெட்டி அப்புறப்படுத்தும்போது, வேருக்குள் சிக்கியிருந்த மண்ணிலிருந்து ஒரு காசு விழுந்தது. அவர் அதைச் சாரத்தில் துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். கரும்பச்சை நிறம். ஒரு பக்கத்தில் பெரிய வி எழுத்து, அதன் இரண்டு காலிலும் ஒரு ஓவும் ஒரு சீயும் கோத்தபடி. அதற்குக் கீழே நான்கு இலக்கம். "ஆயிரத்து எழுநூற்று நாப்பத்து..." என்று வாசித்துவிட்டு, கடைசி இலக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்ப்போம் என்று என் கையில் தந்தார். நான் அவருக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன். புளியும் அடுப்புச் சாம்பலும் வைத்து, அம்மா குத்துவிளக்கு மினுக்குவது போலத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் காசு ரோசாப்பூ நிறத்தில் பளபளத்தது. வருடத்தைக் காணவில்லை. நாற்பதும் இல்லை, எழுநூறும் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் வாங்கி வெற்றிலை வட்டாவுக்குள் போட்டார். அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம்.

பிறகு ரசாயனம் படித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று புரிந்தது. செம்பு மண்ணுக்குள் கிடந்தால் அதன் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருளாக மாறும். முதலில் ஒட்சிசனோடு சேர்ந்து சிவப்பு நிற ஒட்சைட்டு, அதற்கு மேல் கறுப்பு ஒட்சைட்டு, ஈரமும் காபனீரொட்சைட்டும் சேரும்போது பச்சை காபனேற்று. கோயில் கலசத்திலும் பழைய செப்புப் பானையிலும் நாம் பார்க்கும் பச்சை இதுதான். இது காசின் மேல் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காசின் சொந்தச் செம்பேதான் அப்படி மாறியிருக்கிறது. அச்சடித்தபோது மேலே இருந்த எழுத்தும் இலக்கமும் இப்போது அந்தப் பச்சைத் தோலுக்குள்தான் இருக்கின்றன. புளியில் இருக்கும் தாத்தாரிக் அமிலமும் தேசிக்காயில் இருக்கும் சித்திரிக் அமிலமும் அந்தத் தோலைக் கரைத்துவிடும். அது கரையும்போது உள்ளே இருந்த எழுத்தும் கூடவே கரைந்து போகும். அடியில் மிஞ்சுவது வெறும் செம்புத் துண்டு. குத்துவிளக்கை மினுக்கலாம், அது எரிவதற்கு இருக்கிறது. காசு வாசிப்பதற்கு இருக்கிறது.

காசு வாங்குகிறவர்களும் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மினுக்கிய காசின் பளபளப்பு ஒரே திசையில் மெல்லிய கீறல்களோடு இருக்கும், இயற்கையாக வந்த நிறம் காசைச் சரித்துப் பார்த்தால் ஆழமாக, சமமாக இருக்கும். ஒரே வருடத்து ஒரே காசு, மினுக்காதது ஒரு விலைக்குப் போகும் இடத்தில் மினுக்கியது அதில் பாதிக்கும் போகாது.

நான் கெடுத்த அந்தக் காசு, இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக் காசு. பெயர் டொய்ட். நாம் "துட்டு" என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இதிலிருந்து வந்ததுதான். 1726இலிருந்து அந்த நூற்றாண்டின் கடைசிவரை ஒல்லாந்து நாட்டு மாகாணங்கள் கம்பனிக்காக இதை அச்சடித்துக் கப்பல் கப்பலாக அனுப்பின. பின்பக்கத்துச் சின்னத்தைப் பார்த்து எந்த மாகாணம் என்று சொல்லலாம், சீலாந்து என்றால் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும் சிங்கம் இருக்கும். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கையில் முதலில் பிடித்த கோட்டை நம்முடைய மட்டக்களப்புக் கோட்டைதான், அதனால் இந்தப் பக்கத்து மண்ணில் துட்டு அகப்படுவது அதிசயம் இல்லை. 1780களில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று இங்கேயே தடித்த செப்புக் காசும் அடித்தார்கள், அதில் ஊரின் முதலெழுத்து ஒன்று இருக்கும். உங்கள் டின்னில் வி, ஓ, சி கோத்த காசு இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் சாச்சாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இருநூற்றைம்பது வருடப் பழசு என்றாலும் இது கோடிக்கணக்கில் அடித்த காசு, தேய்ந்த துட்டுகள் உலகம் முழுக்க மலிந்து கிடக்கின்றன.

பழசு என்றால் விலை கூட என்ற எண்ணத்தைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் கலைக்கப் பார்ப்பேன். நான்காம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, ஆயிரத்து அறுநூறு வருடம் பழசு, ஆனாலும் தேய்ந்து உருத்தெரியாத ஒன்றுக்கு உலகச் சந்தையில் ஒரு நேரச் சாப்பாட்டு விலைதான். இன்னொரு உதாரணம், உங்கள் டின்னிலேயே இருக்கக்கூடியது. விக்டோரியா இராணியின் தலை போட்ட இந்திய வெள்ளி ரூபாய். இலங்கையில் 1870களில் சதக் கணக்கு வந்தபோது இந்திய ரூபாய்தான் இங்கேயும் ரூபாயாக ஓடியது, அதனால்தான் நம்முடைய பாட்டிமாரின் பெட்டிகளில் அது இருக்கும். அதில் 1862 என்று போட்டிருந்தால் பலபேர் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் அந்த வருடத்தை மாற்றாமலேயே 1874 வரைக்கும் அதே அச்சில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே 1862 ரூபாய் எங்கும் நிறைய உண்டு. விலை என்பது எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை மிஞ்சியது, மிஞ்சியதில் உங்களுடையது எவ்வளவு தேயாமல் இருக்கிறது, அதைத் தேடுகிறவர் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. வயது இதில் கடைசியாகத்தான் வரும்.

சரி, டின்னில் என்னென்ன இருக்கலாம் என்று சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். செம்பு நிறத்தில், ஒரு பக்கம் தலை, மறுபக்கம் நடுவில் பனை மாதிரி ஒரு மரம் இருந்தால் அவை சதங்கள். 1870 என்று வருடம் போட்ட கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என்று நான்கு அளவு இருந்தது. அந்த ஐந்து சதம் கையில் வைத்தால் அப்படி ஒரு கனம், பத்தொன்பது கிராமுக்குக் கிட்ட வரும், அதனால்தானோ என்னவோ நீடிக்கவில்லை. கால் சதம் சின்னது, எட்வர்ட் மன்னர் காலத்தில் 1904ஓடு நின்றுவிட்டது, நல்ல நிலையில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ஒரு சதம் என்றால் ஆசைக்கு வைத்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை. விளிம்பு பூ மாதிரி நெளிந்த இரண்டு சதத்தில் எலிசபெத் இராணியின் தலை இருந்தால், 1955 அல்லது 1957, இலங்கைக் காசில் அவர் தலை வந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும்தான், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு நல்ல சாமான். 1963இலிருந்து தலை போய் இலச்சினை வந்துவிட்டது, அதன் பிறகு வந்ததெல்லாம் நம் காலத்துக் காசு.

வெள்ளைக் காசுகளில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் வெள்ளையாக இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை. இலங்கையின் 10, 25, 50 சதங்கள் 1892இலிருந்து வெள்ளியில் வந்தன, நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. முதலாம் உலகப் போரின் முடிவில் வெள்ளி விலை எகிறியபோது 1919இலிருந்து அதை ஐம்பத்தைந்து பங்காகக் குறைத்துவிட்டார்கள். இரண்டாம் போர்க்காலத்தில், 1943, 1944இல், வெள்ளியையே விட்டுவிட்டு நிக்கல் கலந்த பித்தளைக்குப் போனார்கள், அவை மஞ்சளாக இருக்கும். பிறகு வந்த வெள்ளைக் காசுகள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும், வெள்ளி இல்லை. இதற்கு ஒரு பெரிய விலக்கு, 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய்க் காசு. அது 28 கிராமுக்கு மேல் நிறை, அதில் 92.5 பங்கு வெள்ளி, அதாவது 26 கிராம் தனி வெள்ளி. அதே வருடம் அதே விசேஷத்துக்கு வந்த ஒரு ரூபாயில் வெள்ளி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

வெள்ளிக் காசுக்கு அடிவிலை ஒன்று எப்போதும் உண்டு. நிறையை வெள்ளியின் பங்கால் பெருக்கி, அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். 1919க்கு முந்திய ஐம்பது சதம் 5.83 கிராம், அதில் எண்பது பங்கு என்றால் 4.66 கிராம் வெள்ளி. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், கிட்டத்தட்ட 10.7 கிராம் வெள்ளி. நகைக்கடையில் உருக்குக் கழிவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள். இதற்குக் கீழே யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்கு மேலே எவ்வளவு என்பதுதான் சேகரிப்பவரோடு பேச வேண்டிய பேச்சு. வருடமும் தேய்மானமும் பார்க்காமல் நிறையை மட்டும் போட்டு வாங்க வருகிறவரிடம் விற்பது அவசரக் காரியம்.

வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது, காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. நகைக்கடையில் வைத்திருக்கும் சின்ன இலத்திரனியல் தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுவதாக இருக்க வேண்டும். முதலில் காசைச் சும்மா நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கிளாசில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் இலக்கம் காசு விலக்கிய தண்ணீரின் நிறை, அதுதான் காசின் கன அளவு. முதல் நிறையை இதால் பிரித்தால் அடர்த்தி வரும். தனி வெள்ளி 10.5, எண்பது பங்கு வெள்ளிக் காசு 10.1க்குக் கிட்ட, செம்பும் செம்பு நிக்கலும் 8.9, பித்தளை எட்டரைக்குக் கிட்ட, ஈயம் 11.3, தங்கம் 19.3. விக்டோரியா ரூபாய் உண்மையானது என்றால் தராசு 1.13 காட்டும். செம்பு நிக்கலில் வார்த்த போலி அதே நிறையில் இருந்தால் 1.31 காட்டும். நூலில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், மெதுவாகத் தட்டி விட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த தத்துவம், இன்றைக்கும் நகை விஷயத்தில் இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியாது.

காந்தம் என்றால், இரும்பு, நிக்கல், கோபால்ற்று, பிறகு அவற்றின் சில கலப்புகள், இவற்றைத்தான் இழுக்கும். செம்பு, வெள்ளி, தங்கம், பித்தளை எதையும் இழுக்காது. செம்போடு கால்பங்கு நிக்கல் கலந்த காசைக்கூட இழுக்காது, செம்பு அவ்வளவு கலந்தபிறகு நிக்கலின் காந்தக் குணம் அடங்கிவிடுகிறது. நீங்கள் ஒட்டியது என்று சொன்னவை அனேகமாக 2005க்குப் பிறகு வந்த காசுகள், உள்ளே உருக்கு, மேலே பித்தளையோ செம்போ நிக்கலோ ஒரு மெல்லிய பூச்சு. ஆகவே காந்தம் ஒரு பக்கத்துச் சோதனைதான். வெள்ளி என்று சொல்லும் காசு காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் அது வெள்ளி என்று சொல்ல முடியாது.

வெள்ளி ஏன் கறுக்கிறது என்பதற்கு நம்மூரில் விளக்கம் தேடி எங்கும் போகத் தேவையில்லை. கோடையில் களப்பு வற்றும்போது கரையோரம் நடந்தால் சேற்றிலிருந்து கூழ்முட்டை நாற்றம் வருமே, அதில் இருப்பது ஐதரசன் சல்பைட்டு. அது வெள்ளியில் பட்டால் வெள்ளி சல்பைட்டு என்ற கறுப்புப் படலம் உண்டாகும். காற்றில் மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும், வருடக்கணக்கில் கறுத்துவிடும். முட்டை, கம்பளித்துணி, ரப்பர் எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. ஒருமுறை களுவாஞ்சிகுடியில் ஒரு அக்கா, தன் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியிலிருந்து பத்து வெள்ளி ரூபாய்களை எடுத்துத் தந்தார். யாரோ ரப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருந்திருக்கிறார்கள். பட்டி எப்போதோ உருகிப்போய்விட்டது, ஆனால் மேலும் கீழும் இருந்த இரண்டு காசுகளில் இராணியின் கன்னத்துக்குக் குறுக்கே, பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. நடுவில் இருந்தவற்றில் விளிம்பில் மட்டும் இரண்டிரண்டு கறுப்புப் புள்ளி. உங்கள் காசு எதையும் ரப்பர் பட்டியால் கட்டாதீர்கள்.

வெள்ளி கறுப்பை அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் கொதிதண்ணீரும் போட்டு எடுக்கலாம் என்று காணொளியில் காட்டுவார்கள். அது உண்மைதான், அலுமினியம் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொலுசுக்கும் கரண்டிக்கும் செய்யுங்கள். பழைய காசுக்கு வேண்டாம், அந்தச் சாம்பல் கலந்த மென்நிறத்தைத்தான் சேகரிப்பவர் தேடுகிறார், அது போய்விட்டால் திரும்ப வர இன்னொரு ஐம்பது வருடம் வேண்டும்.

பச்சையில் இரண்டு விதம் இருக்கிறது, இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். கரும்பச்சையாக, கல்லுமாதிரி இறுகி, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது நல்ல பச்சை, அதை விட்டுவிடலாம். வெளிர் பச்சையாக, மாவு மாதிரி, ஊசியால் தொட்டால் உதிர்வதாக இருந்தால் அது நோய். ஆங்கிலத்திலும் அதற்கு வெண்கல நோய் என்றுதான் பெயர். காரணம் உப்பு. கடல் தண்ணீரிலோ உப்புக் காற்றிலோ உள்ள குளோரைட்டு செம்புக்குள் புகுந்து செப்புக் குளோரைட்டாகி உட்கார்ந்துவிடும். ஈரம் கிடைத்ததும் அது அமிலத்தை உண்டாக்கும், அமிலம் புதிய செம்பைத் தின்னும், திரும்பவும் குளோரைட்டு, திரும்பவும் அமிலம். நிற்காமல் காசைத் துளைத்துக்கொண்டே போகும். நம்முடையது கடற்கரை ஊர். அந்தப் பெட்டி 2004 சுனாமித் தண்ணீரில் நனைந்திருந்தால் இது கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். எனக்கு வந்த சுனாமிப் பெட்டிக் காசுகளில் வெளிர் பச்சை இல்லாத செப்புக்காசு குறைவு.

நோய் பிடித்தவற்றை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில், பற்றரிக்கு ஊற்ற விற்கிறார்களே அந்தத் தண்ணீர், அமிலம் கலந்த போத்தல் அல்ல, அதில் ஊறப்போட்டு நாளுக்கொரு தடவை தண்ணீரை மாற்றிக்கொண்டே வாருங்கள், இரண்டு மூன்று கிழமை. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் கரையோரக் கிணறுகளில் உப்பு இருக்கிறது. பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, இறுக மூடும் போத்தலில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்னச் சிலிக்கா பைகளோடு வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் நோய் நடக்காது. நோய் இல்லாத காசுகளுக்கு இந்தப் பாடே வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் அதே தண்ணீரில் ஒரு நாள் போட்டு எடுத்தால் போதும். தனித்தனியாகக் கடதாசி உறைக்குள் போட்டு, உறையின் மேல் எழுதுங்கள். காசுக்கென்று விற்கும் மெதுவான, வாடை அடிக்கும் பிளாஸ்டிக் அல்பங்கள் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக்கை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து காசில் பச்சைப் பசையாக ஒட்டிக்கொள்ளும். பிடிக்கும்போது விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வேண்டாம்.

விரல் என்றதும் வாடை ஞாபகம் வருகிறது. காசை வைத்திருந்த கை மணப்பதற்குக் காரணம் உலோகம் ஆவியாகி மூக்குக்கு வருவது அல்ல, செம்பும் இரும்பும் அப்படி ஆவியாகாது. நம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை உலோகம் உடைக்கும்போது உண்டாகும் சில கரிமச் சேர்மங்கள்தான் அந்த வாடை. நீங்கள் மணப்பது உங்கள் கையைத்தான்.

மூத்தம்மா பானைக்குள் காசு போட்டதில் ஒரு நல்ல அறிவு இருந்தது. செம்பின் மேற்பரப்பு கிருமிகளைக் கொல்லும், செப்புப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பல வகைப் பக்டீரியாக்கள் குறைந்துவிடும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் பாத்திரம் முழுக்கச் செம்பாக இருப்பதும் பானை அடியில் ஒரு காசு கிடப்பதும் ஒன்றல்ல. பச்சை பூத்த காசென்றால் அந்தப் பச்சை தண்ணீரில் கரைந்து வயிற்றைக் குழப்பும். குடிக்கும் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் மூத்தம்மாவின் பழக்கத்தை மதித்துக்கொண்டே, காசு போடாமல், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இப்போது அந்த இரிடியக்காரர். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்திலும் குடும்பங்கள் இதில் நகையை விற்றிருக்கின்றன. தமிழ்நாட்டில் ரைஸ் புல்லர் என்று பெயர், இங்கே அரிசி இழுக்கும் காசு, அரிசி இழுக்கும் செம்பு. இரிடியம் என்பது பிளாட்டினத் தாதுவோடு கிடைக்கும் ஒரு அரிய உலோகம், 1803இல்தான் மனிதன் அதைப் பிரித்தறிந்தான். அது உருக 2,400 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். பழைய காலத்துக் கன்னாரின் உலையில் செம்பு உருகும், அதற்குத் தேவை 1,085 பாகை, இரிடியம் ஒருக்காலும் உருகாது. இடி விழுந்ததால் காசு இரிடியமாக மாறியது என்றும் சொல்வார்கள், இடி ஒரு மூலகத்தை இன்னொரு மூலகமாக மாற்றாது. இரிடியம் அரிசியையும் இழுக்காது. அரிசியில் இரும்புத் தூளைப் பூசி, காசுக்கு அடியில் காந்தம் மறைத்து வைத்தால் எந்தக் காசும் இழுக்கும். வேண்டுமென்றால் அவரிடம் உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து எடுத்த அரிசியை, உங்கள் வீட்டுக் கண்ணாடி மேசையில் வைத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடர்த்தியும் பார்த்துவிடலாம், இரிடியம் 22.5, உங்கள் காசு 8.9க்குக் கிட்ட நிற்கும். அவர் அடுத்து வந்து சோதனைச் செலவு, கொழும்பிலிருந்து வரும் நிபுணருக்குச் செலவு, முற்பணம் என்று ஏதாவது கேட்பார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், காசையும் அவர் கையில் இனிமேல் கொடுக்காதீர்கள்.

சாச்சா பார்த்த லட்ச ரூபாய் விளம்பரங்களும் இதே வழியில்தான் முடியும், பதிவுக் கட்டணம், வரி, அனுப்புகூலி என்று. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைப் போட்டே இப்படி ஏமாற்றியதால் 2021இல் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. இன்னொரு பொறி, கிழக்கிந்தியக் கம்பனி என்று எழுதி, 1818 என்று வருடம் போட்டு, அனுமாரோ இராமரோ இலட்சுமியோ இருக்கும் பெரிய செப்புக் காசு. கம்பனி அப்படி ஒரு காசை அடிக்கவேயில்லை. அவை பிற்காலத்தில் செய்து விற்ற வில்லைகள், பூசையறையில் வைக்கலாம், காசு என்று வாங்கக்கூடாது. விலை தெரிய வேண்டுமென்றால் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போய் முடிந்தது என்று பாருங்கள். கொழும்புக்குப் போனால் கோட்டையில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு அரை நாள் ஒதுக்கிப் பாருங்கள், உங்கள் டின்னில் இருப்பவை போன்ற காசுகளை நல்ல நிலையில் கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

சட்டமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூத்தம்மா சேர்த்து வைத்த காசு உங்கள் குடும்பத்துடையது. ஆனால் மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அகப்பட்டால் அறிவிக்க வேண்டும். தொல்பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. எங்கள் தென்னையடியில் துட்டு விழுந்த காலத்தில் எங்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் எங்கே, எந்த ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்றாவது அப்பா எழுதி வைத்திருப்பார், ஏனென்றால் ஒரு காசு கிடைத்த இடம்தான் அது இங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லும். புதையல் தோண்டிக் கொடுப்பதாக அம்பாறைக் காடுகளுக்குள் ஆள் கூட்டிப் போகிறவர்களோடு சாச்சா சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தச் சதுரக் காசு. மூலை மழுங்கிய சதுரம் என்றால் அது அனேகமாக ஐந்து சதம். அலுமினியம் மாதிரி இலேசாக இருந்தால் 1978இலோ அதற்குப் பிறகோ வந்தது. மஞ்சளாக, கிரீடம் வைத்த ஆறாம் ஜோர்ஜ் தலையோடு இருந்தால் 1940களில் வந்தது, அதுவும் நிறையக் கிடைக்கும். வெள்ளையாக இருந்து, தலை தாடி வைத்த மன்னருடையதாக இருந்தால்தான் கவனம். 1909, 1910 என்றால் எட்வர்ட். 1912, 1920, 1926 என்றால் ஐந்தாம் ஜோர்ஜ். அது வெள்ளி இல்லை, செம்பு நிக்கல், ஆனால் இலங்கையின் சதக் காசுகளில் முதல் சதுரம் அதுதான். காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஒரு யன்னலோரத்தில், வெள்ளைக் கடதாசி மேல் வைத்து, இரண்டு பக்கமும் விளிம்பும் ஒரு படமாக எடுத்து, நிறையையும் எழுதி அனுப்புங்கள். துடைக்காமல் எடுங்கள்.